முதலமடைக் கோழிகள்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் இருப்புப்பாதையில், ஆலமரங்கள் நிழல் பரப்பும் சிறு நிலையம் முதலமடை. அப்பால் நெல்லியாம்பதி மலை, சுற்றிலும் மாந்தோப்புகள். மாங்கனியால் புகழ்பெற்ற அவ்வூர் எங்களுக்கு நினைவூட்டுவதோ புறக்கடைக் கோழிகளையே.

தோப்புச் சருகைக் கிளறிக் கறையான் பொறுக்கும் நாட்டுக் கோழிகளுக்கு மாலையில் ஒரு பிடி நொய் போதும். அடை வைத்த 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் போக எஞ்சியதே நமக்கு என்பது பாட்டியாரின் கணக்கு. அது எங்களுக்குப் பழகிப்போயிற்று.

பழகாதது வெள்ளைக் கழிச்சல். இமயச் சாரலின் ராணிகேத்தில் 1920-களின் பிற்பகுதியில் இனங்காணப்பட்டமையால் அவ்வூர்ப் பெயராலும் வழங்கும் நோய் அது. ஒரு கோடையில் வந்து, ஒரு வாரத்துக்குள் எங்கள் 18 கோழிகளில் இரண்டை மட்டும் விட்டுச் சென்றது. அதனினும் வருத்தம், நாங்கள் அறியாமல் அண்டைவீட்டுக்கு அன்பளிப்பாய்க் கொடுத்த குஞ்சுகள் வழியே அங்கும் பரவியதுதான். முட்டை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்த அவ்வீட்டு அம்மையார் எங்களை ஒரு சொல்லும் கடியவில்லை.

வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பு மருந்தே காவல். குஞ்சு பொரித்த ஒரு வாரத்துக்குள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடவேண்டும்; பின்னர் ஊசி. மறு ஆண்டு ஒரு தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கூடையில் வைத்து அவரிடம் கொண்டுசென்றோம். வாங்கிக்கொண்டவர், "சொட்டு விட்டாச்சா?" என்று மட்டும் கேட்டார்.