கித்தான் கூரையும் ஒரு கனவு வண்டியும்

மோட்டார் வண்டியைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகும் கலைப்பீட மாணவியைக் கண்டு வாசகர் நகைக்கக்கூடும். அதுவும் அந்த வண்டி, எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரின் சம்பாத்தியத்தை ஒன்றாகத் திரட்டினாலும் வாங்கவியலாத மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல். என்றால் நகைப்பு இரட்டிப்பாதல் இயல்பே. ஆயினும் அவ்வண்டியின் கூரையின் கீழே பதினோரு நாட்கள் நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். அதன் சொந்தக்காரர்கூட அவ்வளவு நேரம் அந்தக் கோணத்திலிருந்து அதனைப் பார்த்திருக்கமாட்டார். அந்த உரிமை பற்றியே எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் கொம்பனித்தெருவிலே வாகனங்களுக்குக் குஷன் வேலை செய்பவர். இருக்கைகளுக்கு உறை தைப்பதும், கதவுகளின் உட்புறத்துக்கு றெக்சின் போர்த்துவதும், முச்சக்கர வண்டிகளுக்குக் கூரை கட்டுவதும் எங்கள் வீட்டுக்குச் சோறு போடும் தொழில்கள். ஆனால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும் 'ஹூட்' வேலையிலேதான் அவருடைய உள்ளம் இருக்கிறது. கூரையை மடித்துத் திறக்கத்தக்க பழைய மொறிஸ் மைனர், ட்ரயம்ஃப் ஹெரால்ட் போன்ற வண்டிகள் இன்னும் சில கொழும்பிலே உள. அவற்றின் கித்தான் கிழிந்தால் சொந்தக்காரர்கள் யூனியன் பிளேசின் கண்ணாடிக் காட்சியறைகளையெல்லாம் கடந்து, எங்கள் சந்துக்குள் புகுந்து, "பாஸ் இருக்கிறாரா?" என்று கேட்பார்கள். வீட்டின் முன் தாழ்வாரமே பட்டறை. அங்கே வண்டியொன்று நின்றால் நாங்கள் நண்டுபோலப் பக்கவாட்டிலே நடந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

பழையதைச் சாகவிடாது வைத்திருக்கும் இத்தொழில் இந்நாட்டிலே தழைத்தமைக்குக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலே புதிய வண்டியும் அரிது, புதிய உதிரிப்பாகமும் அரிது. இருந்ததைக் கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. பாட்டனார் தொழில் தொடங்கியது அக்காலத்தில். பின்னர் 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் நாட்டுக்கு இடர்க்காலம். எங்கள் தாழ்வாரத்துக்கோ வேலைக்காலம். பிறர் இடரிலே நாம் உண்பதா என்று அம்மா இடையிடையே முணுமுணுப்பதுண்டு.

அந்நாட்களில் ஒருநாள் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் தம் தந்தையின் வண்டியைக் கொண்டுவந்தார். அது 280 எஸ்.எல். அதன் வகையை உலகம் 'பகோடா' என்று அழைக்கிறது. 1963 ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியிலே 230 எஸ்.எல். என்ற பெயரில் அறிமுகமாகி, 1971 வரை ஏறத்தாழ 49,000 மட்டுமே செய்யப்பட்ட வண்டி. கழற்றி வைக்கத்தக்க இரும்புக் கூரையொன்றும் அதற்கு உண்டு. பிற வண்டிகளின் கூரை நடுவிலே உயர்ந்திருக்க, இதன் கூரையோ நடுவிலே தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருக்கும். கீழைத்தேயக் கோயில்களின் கூரையை அது நினைவூட்டியமையால் அப்பெயர் வந்தது. வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று அவ்வளைவு. ஓரம் உயர்ந்தால் கதவின் கண்ணாடி பெரிதாகும், ஏறி இறங்குவது எளிதாகும், கூரையும் உறுதி பெறும். இவ்வெண்ணத்துக்கு உரியவர் பேலா பரேனி என்ற பொறியியலாளர். மோதும்போது வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி, ஆட்கள் இருக்கும் நடுப்பகுதி நசுங்காமல் நிற்க வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியவரும் அவரே. வடிவம் வரைந்தவர் போல் பிராக் என்ற பிரெஞ்சுக்காரர்.

அந்த இரும்புக் கூரை மருத்துவர் வீட்டுச் சுவரிலே சாய்ந்திருந்தது. எங்களிடம் வந்தது ஆசனங்களின் பின்னே மடிந்து மறையும் துணிக் கூரை. அது தையல்தோறும் பிரிந்திருந்தது. பின்புறத்துப் பிளாஸ்டிக் சாளரம் பழுத்த பலாவிலைபோல மஞ்சளித்திருந்தது. துணி மடிந்து கிடக்கும் பள்ளத்தின் நீர்வடி குழாய்களில் இலைச்சருகு அடைத்து, தேங்கிய மழைநீர் தரைத் தகடுவரை துருவேற்றியிருந்தது. தகரம் அடிப்பவர் தம் வேலையை முடித்த பின்னரே அப்பா கத்தரிக்கோலை எடுத்தார்.

அப்பாவின் முறை இது. பழைய துணியைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை வீரகேசரித் தாளின்மேல் விரித்து வரைந்து வெட்டுவார். இழுபட்ட இடத்தையும் சுருங்கிய இடத்தையும் அத்தாளிலேயே திருத்துவார். பின்னர் தாளைக் கித்தானில் வைத்துச் சோக்கால் கோடிழுப்பார். நூலுக்கு மெழுகு தேய்ப்பார். மழை துணியின் வழியாக நுழைவதில்லை, ஊசி துளைத்த துளையின் வழியாகவே நுழைகிறது என்பது அவர் சொல்லும் பாடம். இரண்டாண்டுகளாக அவருடைய இடக்கண் மங்கி வருவதனால் நூல் கோப்பதும், சட்டத்தின் கீழே படுத்துக்கொண்டு மடிப்பு ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துச் சொல்வதும் என் பங்காயின.

மருத்துவர் ஒருநாள் வந்து நின்று, வெளிநாட்டிலுள்ள மகன் இவ்வண்டியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பொருத்தச் சொல்கிறான் என்றார். இங்கிலாந்திலே பகோடாவை அவ்வாறு மாற்றித் தருவோர் இருப்பது மெய்தான். "பாஸ், இதைப் புதுசாக்குவதென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டார். அப்பா நிமிர்ந்தும் பாராமல், "ஹூட்டை மட்டும் மாத்துவேன், மாத்தையா" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கோ அக்கேள்வி விரிவுரை மண்டபம்வரை கூடவே வந்தது. இத்தகைய வண்டியைப் புதுப்பிக்கும் அதிகாரம் எனக்கிருந்தால் எதைத் தொடுவேன், எதை விடுவேன்?

செய்தவர்களே அதனைப் பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். 1971 இல் வந்த அடுத்த வடிவம் பதினெட்டாண்டுகள் நிலைத்தது. 1989 இல் வந்ததிலே வண்டி கவிழப் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆசனங்களின் பின்னே எழுந்து நிற்கும் காப்புச் சட்டம் இருந்தது. அதனை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் 2001 இலே துணிக் கூரையையே நீக்கிவிட்டு, தானாக மடிந்து பின்பெட்டிக்குள் புகும் உலோகக் கூரையைப் பொருத்தினார்கள். அச்செய்தியைக் கேட்டபோது பாட்டனார், "இனி நம்ம ஊசிக்கு வேலயில்ல" என்றாராம். நான் அப்போது பிறக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 2021 இல் வெளிவந்த எஸ்.எல். மீண்டும் துணிக் கூரையோடு வந்தது! முந்திய உலோகக் கூரையைவிட 21 கிலோ குறைவு, பதினைந்து வினாடியில் திறக்கும், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போதும் திறக்கும் என்று அறிவித்தார்கள். கைபேசியில் அதை வாசித்துக் காட்டினேன். அப்பா மகிழ்ந்து கூத்தாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எத்தன மடிப்பு?" என்று மட்டும் கேட்டார். ஆங்கில 'இஸட்' எழுத்தைப்போல மடியும், மூன்று அடுக்குத் துணி என்றேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, நல்ல கண்ணை அதனருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "தையல் ஒழுங்காத்தான் இருக்கு. ஆனா பிரிக்கிறதுக்கு வழியில்ல, புள்ள" என்றார்.

அச்சொல்லிலேதான் எனது கனவு வண்டி பிறந்தது எனலாம்.

'எஸ்.எல்.' என்பதிலுள்ள 'எல்' எழுத்து இலேசு என்று பொருள்படும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. 1963 இன் வண்டி 1,300 கிலோ அளவில் இருந்தது. 2021 இன் 'எஸ்.எல். 63' 1,900 கிலோவைத் தாண்டுகிறது. பெயரிலே மட்டும் இலேசு தங்கிவிட்டது. நடுவிலே 11.9 அங்குலத் தொடுதிரையொன்று வேறு. கூரை திறந்திருக்கையில் வெயில் பட்டு எழுத்துத் தெரியாது போவதால் திரை தன் சாய்வை மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். வானத்தைப் பார்ப்பதற்காகத் திறந்த வண்டியிலே திரையைப் பார்ப்பதற்கு இத்தனை பிரயாசையா? எனது வண்டியிலே திருகும் குமிழ்கள் நான்கு போதும். மாரிகால மாலையிலே நனைந்த கையாலும் திருகலாம்.

புதுப்பித்தலே ஆகாது என்னும் கட்சியையும் நான் சேர்ந்தவளல்லள். 33 ஆம் ஒழுங்கையிலுள்ள கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீட்டை நண்பர்களோடு பார்க்கச் சென்றிருந்தேன். அவருடைய 1934 ஆம் ஆண்டு றோல்ஸ் றொய்ஸ், அதுவும் கூரை மடியும் வகைதான், வாயிலருகே நிறுத்தப்பட்டிருக்கிறது. நண்பர்கள் சிலையைப் பார்ப்பதுபோல அதனைப் பார்த்தார்கள். எனக்கோ அதன் துணியைத் தொட்டுப் பார்க்கக் கை துடித்தது. தொடக்கூடாத கூரையிலே எனக்கு இன்பமில்லை.

ஆகவே என் வண்டிக்கு மின்சாரம் சம்மதம். இதிலே தந்தையாருக்கும் எனக்கும் பெரும் பிணக்கு. ஆறு உருளை எஞ்சினின் ஓசையைக் கேட்காமல் கூரையை எதற்குத் திறப்பது என்கிறார் அவர். 2022 ஆம் ஆண்டை நான் நினைவூட்டுகிறேன். பெற்றோல் வரிசைகள் யூனியன் பிளேசைச் சுற்றி வளைந்து கிடந்த நாட்கள் அவை. பின்னர் கியூ.ஆர். அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். மருத்துவரின் வண்டி அவ்வாண்டு முழுவதும் நின்ற இடத்திலேயே நின்று துருப்பிடித்தது. ஓசையில்லாத வண்டியைத் திறந்துகொண்டு மாலையிலே கியூ வீதியால் போனால் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் மணி கேட்கும், வேகந்தப் பள்ளிவாசலின் பாங்கு கேட்கும். எஞ்சினைக் கேட்பதற்கா கூரை? கண்டிக்குப் போய்த் திரும்புமளவுக்கு, 250 கிலோமீற்றருக்குப் போதுமான சிறிய பற்றரி இருந்தாற் போதும். அதற்குமேல் தூரம் கேட்டால் கனம் ஏறும். கனம் ஏறினால் பெயர் பொய்யாகும். அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இனியும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

கூரையைப் பொறுத்தவரை எனது கட்டளைகள் கண்டிப்பானவை. கொழும்பு மழை பதினைந்து வினாடி அவகாசம் தருவதில்லை. ஆசனத்திலிருந்தவாறே ஒரு கையால் இழுத்து மூடத்தக்கதாக அது இருக்க வேண்டும். எண்ணெய்க் குழாயோ மோட்டாரோ வேண்டா. நீர்வடி குழாய்கள் விரல் நுழையுமளவு அகலமாக, சருகை எடுக்கக் கைக்கு எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும். பின் சாளரம் ஸிப்பினால் தனியே கழன்று வர வேண்டும். சாளரம் பழுத்ததற்காக முழுக் கூரையையும் எறிவது, பல் வலிக்குத் தலையை வாங்குவதற்கு ஒப்பாகும். பசையால் ஒட்டியவை அனைத்தும் திருகாணியால் பூட்டப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மேலாக ஒன்று. வண்டியின் பெட்டிக்குள் உதிரிச் சில்லுக்குப் பக்கத்திலே, கூரையின் வெட்டுத்தாள் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எத்துண்டு எவ்வளவு, எவ்விடம் எத்தனை மடிப்பு, இழுவைக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் அதிலே வரையப்பட்டிருக்க வேண்டும். அறுபது ஆண்டுகள் கழித்து எந்த ஊரின் எந்தச் சந்திலே அவ்வண்டி போய் நின்றாலும், அங்கே கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த ஒருவர் அதை விரித்துத் தைக்கலாம். கோடிக்கணக்கில் விலை சொல்கிறவர்களுக்கு ஒரு தாளின் செலவு பெரிதன்று. எனினும் அதை வைக்கமாட்டார்கள் என்றே அஞ்சுகிறேன். தாள் இருந்தால் வண்டி அவர்களிடம் திரும்பி வராது, எங்களிடமல்லவா வரும்?

எங்களிடம் என்று எழுதிவிட்டேன். அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கோ தெரியாது. எங்கள் சந்தினையும் புதுப்பிக்கப் போகிறார்கள். கடிதம் வந்துவிட்டது. வீட்டுக்குப் பதிலாக மாடிக் குடியிருப்பிலே வீடு தருவார்களாம். ஒன்பதாம் மாடி, குழாய் நீர் உண்டு, மின்தூக்கி உண்டு, அம்மாவுக்குத் தனிச் சமையலறை உண்டு. ஒழுகும் தகரத்தின் கீழே முப்பதாண்டுகள் சமைத்த அம்மா அதனை விரும்புவதிலே நான் என்ன குற்றம் காண முடியும்? அயலாரிடமும் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறாள். தையல் மெஷினை மின்தூக்கியில் ஏற்றிவிடலாம் என்று அளந்தும் பார்த்துவிட்டோம். காரை ஏற்ற முடியாது. வரைபடத்தை விரித்துக் காட்டிய அலுவலரிடம் தாழ்வாரத்துக்கு ஈடாக என்ன என்று அப்பா கேட்டார். தாழ்வாரம் சதுர அடிக் கணக்கிலே சேராது என்று பதில் வந்தது.

மருத்துவர் மகனுடைய யோசனையை இப்போதைக்கு ஒத்தி வைத்திருக்கிறார். கூரை முடிந்த அன்று அயல்வீட்டுக் குழாயிலிருந்து நீர் பாய்ச்சிச் சோதித்தோம். நான் உள்ளே படுத்திருந்தேன். கால்மணி நேரம் ஒன்றுமில்லை. பின்னர் இடப்புற மூலையிலே ஒரு துளி திரண்டு, தயங்கி, என் நெற்றியிலே விழுந்தது. அது அப்பா தைத்த இடமன்று. அவருடைய கண் களைத்த மாலையிலே நான் தைத்த இரண்டு சாண். சொல்லாமலிருந்துவிடலாமா என்று ஒருகணம் எண்ணினேன். சொன்னேன். அவர் அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்து, நூல் பிரிக்கும் கத்தியை என் கையிலே கொடுத்து, தாம் முக்காலியில் அமர்ந்துகொண்டார். இரண்டாம் முறை ஒழுகவில்லை.

வீரகேசரித் தாள்களை எறிந்துவிடப் போனேன். அப்பா தடுத்தார். ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், முன், பின் என்று எழுதச் சொன்னார். நான் தைத்த மூலையிலே மடிப்புக்கு அரை அங்குலம் கூட்டி எழுதச் சொன்னார். எழுதிச் சுருட்டிக் கட்டி, கட்டிலின் அடியிலே வைத்திருக்கிறேன். ஒன்பதாம் மாடிக்கு எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலில் அம்மா அதனைச் சேர்க்கவில்லை. நான் சேர்த்திருக்கிறேன்.