மணிக்கட்டும் சீன மருந்தும்

பெருவிரலை அசைக்கும் தசைநாண்களுள் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்திலே ஓர் ஒடுங்கிய உறையினூடாகச் சென்று வருகின்றன. அவ்வுறை தடித்துவிட்டால், சிறு ஊசியின் காதிலே மொத்த நூலைக் கோத்து இழுப்பது போல ஒவ்வோர் அசைவும் வேதனையாகிவிடும். சுவிற்சர்லாந்து நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணரான டி குவெர்வேன் என்பவர் 1895 ஆம் ஆண்டில் இதனை விபரித்தமையால், அவர் பெயரே நோயின் பெயராக நிலைத்துவிட்டது. தசைநாண் அழற்சி என்று பொதுவாகச் சொல்லப்படினும், அழற்சியிலும் உறையின் தடிப்பே இதில் முதன்மையானது என்பர் இக்கால வைத்தியர். ஓயாது எழுதுவோர், துணி பிழிவோர், கைபேசியிலே பெருவிரலை நாளெல்லாம் ஓட்டுவோர் ஆகிய எவருக்கும் இது வரலாம். ஆயினும் கைக்குழந்தையை உடைய இளந்தாய்மாரையே இது பெரிதும் நாடுகின்றது. குழந்தையை அக்குளிலே பிடித்துத் தூக்கும்போது பெருவிரல் விரிந்து நிற்க, பாரம் முழுவதும் அந்த இரண்டு நாண்களின் மேலேயே விழுகின்றது.

2018 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையிலே சிங்கப்பூரிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். என் மருமகளுக்கு அப்பொழுது மூன்று மாதக் குழந்தை. வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. பெருவிரலை உள்ளே மடக்கி, மற்றை விரல்களால் அதனை மூடிக்கொண்டு, கையைச் சின்னிவிரற் பக்கமாகச் சாய்க்கும்படி வைத்தியசாலையில் சொன்னார்களாம், கண்ணீர் வந்துவிட்டதாம். பெருவிரலை அசையாது வைத்திருக்கும் பட்டையொன்றைக் கொடுத்து, குறையாவிடின் ஊசிமருந்து ஏற்றலாம் என்றும் சொல்லியிருந்தனர். நோவைக் காட்டிலும் அவளை வாட்டியது வேறொன்று. “மாமா, பிள்ளையைக் கைதவற விட்டிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு” என்றாள். தான் பெற்ற குழந்தையைத் தூக்கத் தாயே அஞ்சும் நிலை சிறிய துன்பமன்று.

பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியார்தாம் ஒரு சீன வைத்தியரைப் பற்றிக் கூறினார். அந்நாட்டிலே சீன வைத்தியர்கள் 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றே தொழில் செய்தல் வேண்டும். இவரும் பதிவு பெற்றவர். சுளுக்குக்கும் நெரிவுக்கும் முறிவு வைத்தியரை நாடிச் செல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்தவராகிய எமக்குப் புதிதன்று. எனவே தயக்கமின்றிப் புறப்பட்டோம்.

சுவரை மறைத்து நின்ற மரப்பெட்டியிலே எத்தனை லாச்சிகள்! எங்கள் ஊர் மருந்துக்கடை வாசம் அங்கும் வீசியது. பார்த்தல், கேட்டல், வினாவுதல், தொட்டறிதல் என்னும் நால்வகைச் சோதனை சீன வைத்தியத்தின் அடிப்படை. முகர்ந்தறிதலையும் கேட்டலோடு சேர்த்து ஒன்றாகவே அவர்கள் எண்ணுவர். அம்முறைப்படி அவர் நாக்கைப் பார்த்தார். உறக்கத்தைப் பற்றி வினாவினார். பின்னர் இரு கைகளிலும் மும்மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாடி பார்க்கும் இடத்திற்கு ஒரு விரலகலம் தள்ளியே அவளுடைய நோவும் இருந்தது. அதனால் அவர் விரல்கள் பூவைத் தொடுவன போலவே தொட்டன.

இரத்த ஓட்டம் தடைப்படும் இடத்தில் நோவு பிறக்கும் என்பது அவர்களுடைய கொள்கை. அதனை இக்கால உடற்கூற்றியலோடு பொருத்திப் பார்க்க நான் முயலவில்லை. என் மனத்தைக் கவர்ந்தது அவருடைய எச்சரிக்கையே. பால் கொடுக்கும் தாய் என்று அறிந்தவுடன், உள்ளுக்கு ஒரு மருந்தும் தருவதில்லை என்று திட்டமாகக் கூறிவிட்டார். கையைக் கழுவுவதற்கு மட்டும் சரக்குகளை நிறுத்துக் கட்டினார். நாண்களை இளக்கும் பூண்டு என்று பொருள்படும் பெயருடைய ஒரு செடி, குசும்பாப்பூ, கறுவாவின் இனத்து மரமொன்றின் சிறு கொப்புகள், குந்திரிக்கம், வெள்ளைப்போளம் ஆகியன அவை. கடைசி இரண்டும் அராபியாவிலிருந்தும் ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலிருந்தும் முற்காலத்திலேயே கப்பலேறிச் சீனம் சென்றவை. எங்கள் சித்த வைத்தியரும் அவற்றை அறிவர்.

காய்ச்சிய நீரின் ஆவியிலே கையைக் காட்டி, இளஞ்சூடானபின் அதிலே அமிழ்த்தி இருபது நிமிடம் இருத்தல் வேண்டும், நாளுக்கு இருமுறை. ஏனைய வேளையிற் பட்டையைக் கழற்றலாகாது. குழந்தையை அக்குளிலே பிடியாது, உள்ளங்கை மேல்நோக்க அடியிலே ஏந்தித் தூக்கல் வேண்டும் என்று ஒரு தலையணையை வைத்துக் காட்டினார். கை நீரில் இருக்கும் வேளையிலே பிள்ளையை அம்மம்மா வைத்திருக்க வேண்டும் என்று தமக்கையாரையும் நோக்கிச் சொன்னார். மூன்று மாதமாக அவளுக்குக் கிடையாதிருந்த ஓய்வு அன்றிலிருந்து கிடைத்தது.

தைப்பொங்கலன்று தொலைபேசியிற் பேசியபோது நோவு பாதியாகிவிட்டது என்றாள். மாசி முடிவதற்குள் பட்டையும் கழன்றது, ஊசி வேண்டியிருக்கவில்லை. மருந்து நீர், பட்டை, ஓய்வு, தூக்கும் முறை ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. பிள்ளைப் பேற்றோடு வரும் இந்நோய் பலருக்குக் காலத்தால் தானே தணிவதும் உண்டு. மருந்து நீர்தான் மாற்றியது என்று தமக்கையார் எல்லாரிடமும் கூறிவருகிறார். நான் மறுப்பதுமில்லை, ஆமோதிப்பதுமில்லை.

சீன மருந்து மூலிகைதானே, கெடுதி செய்யாது என்று எண்ணுவோர் ஒன்றை அறிதல் நல்லது. நோவுக்குப் பூசும் சீனத் தைலங்கள் சிலவற்றிலே நாவி சேர்கின்றது. நாங்கள் நாவியைச் சுத்தி செய்வது போல அவர்களும் அதனை நெடுநேரம் அவித்து நஞ்சை முறிப்பர். அவ்வாறிருந்தும், மேலே பூசுவதை அறியாது குடித்தால் நெஞ்சின் துடிப்புக் குழம்பி உயிருக்கே ஆபத்தாகும்.

அன்று கடையிலேயே தமக்கையாரும் தம் முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டார். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்றார் வைத்தியர். வார்பரின் என்றவுடன் தலையை அசைத்துவிட்டார். குசும்பாப்பூ முதலிய சரக்குகள் அம்மாத்திரையோடு சேர்ந்தால் இரத்தப்பெருக்கை உண்டாக்கக் கூடும். வைத்தியசாலை டாக்டரைக் கேளாமல் ஒரு பொட்டலமும் தரமாட்டேன் என்றார். பிறகு, “கைப்பையில் தைலம் உண்டோ?” என்று கேட்டார். இருந்தது, எங்கள் வீடுகளுக்கெல்லாம் பழக்கமான கோடாலித் தைலம். அதிலுள்ள மெதயில் சலிசிலேற்று தோலினூடாக உட்சென்று வார்பரினின் வேகத்தைக் கூட்டக் கூடுமாம். கர்ப்பூரமும் இருப்பதால் கைக்குழந்தையின் அருகிலும் அது ஆகாதாம்.

“அப்ப இதை ஆர்தான் பூசுறது?” என்றார் தமக்கையார்.

போத்தல் என்னுடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது.