சாப்பாட்டுத் தட்டு

எங்கள் வீட்டில் தட்டு பறக்கும். தாத்தா எறிந்தார், அப்பா எறிந்தார். ஞாயிறு காலை ஆலயத்தில் முதல் வரிசை; ராத்திரி குழம்பில் உப்பு கூடினால் தட்டு முற்றத்தில். "நம்ம ரத்தம் அப்படி" என்பாள் ஆச்சி. நானும் நம்பினேன், கொஞ்சம் பெருமையாகவே.

போன லெந்து நாட்களில் ஒரு ராத்திரி என் கையும் தட்டைத் தூக்கியது. எறியவில்லை. ஆனால் ஏழு வயது மகன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். அந்த வயதில் நான் குனிந்த அதே குனிவு.

அன்று தூக்கம் வரவில்லை. எசேக்கியேல் 18-ஐ எடுத்தேன். அப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசுகிறது என்று ஜனங்கள் பழமொழி பேசுகிறார்கள். இனி அதைச் சொல்லாதீர்கள் என்று கர்த்தர் தடுக்கிறார். பேதுருவின் முதல் நிருபம் இன்னும் நேராகப் பேசுகிறது: முன்னோர் கையளித்த வீணான நடத்தையிலிருந்தே கிறிஸ்துவின் இரத்தம் நம்மை மீட்டது. சிறுவயதிலிருந்து கேட்டதுதான். 'முன்னோர்' என்ற சொல்லில் தாத்தாவின் முகம் தெரிந்தது அன்றைக்குத்தான். ஆச்சி சொன்ன ரத்தத்துக்கு மேலே இன்னொரு இரத்தம்.

பரம்பரைச் சாபம் என்று பயமுறுத்தும் பிரசங்கங்களை என் மனம் ஏற்பதில்லை. இந்தக் கோபத்தை யாரும் ஏவிவிடவில்லை. பார்த்துப் பார்த்து நான் பழகிக்கொண்டது.

மறுநாள் குடும்ப ஜெபத்தில் மகன் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வீட்டில் எந்த அப்பாவும் செய்யாதது. கோபம் இன்னும் வருகிறது. வந்தால் முற்றத்துக்குப் போய் ஜெபித்துவிட்டுத் திரும்புகிறேன். நேற்று நான் வரும்வரை மகன் என் தட்டை மூடி வைத்திருந்தான்.

"ஆறிரும்ப்பா, சாப்பிடுங்க."