கிள்ளி நட்ட செடிகள்

ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளுக்குக் கோரைக்கிழங்கு நிவேதனமாகிறது. பன்றி உருவெடுத்த கடவுளுக்குப் பன்றி அகழ்ந்து தின்னும் கிழங்கு. அதே கோரையை வயலில் கண்டால் உழவர்கள் முகம் சுளிப்பார்கள். எவ்வளவு களைந்தாலும் மண்ணுக்குள் ஒரு கிழங்கு தங்கிவிட்டால் போதும், அடுத்த மழைக்கு மீண்டும் தலைகாட்டும். விதையை எதிர்பார்க்காமல், உடலின் ஒரு துண்டிலிருந்தே முழுதாக எழுந்துவரும் இந்தக் குணம் எங்களை எப்போதும் வியக்கவைப்பது. அண்ணன் தங்கையாகிய நாங்கள் இருவரும் வீட்டுக் கொல்லையில் வளர்ப்பவை பெரும்பாலும் இந்தக் குணம் கொண்டவைதான்: சோற்றுக்கற்றாழை, பிரண்டை, ரணகள்ளி, திருகுகள்ளி, அன்னாசி, அன்னாசியின் சுற்றத்தாராகிய ப்ரொமீலியட் செடிகள்.

இவற்றுள் பாதிக்கு நம் ஊரில் அறிமுகம் தேவையில்லை. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்படும் கற்றாழை, மண்ணும் நீரும் இன்றி மாதக்கணக்கில் பசுமையாக இருப்பதைப் பார்த்தே நாம் வளர்ந்திருக்கிறோம். தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்துவைத்துக்கொள்ளும் சதைப்பற்றுச் செடிகளின் இயல்பு அது. ப்ரொமீலியட் என்ற பெயர்தான் புதிது. மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஒரே ஓர் இனத்தைத் தவிர, அந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் வழியாக வந்த அன்னாசி மட்டும் பெயரோடு சேர்ந்து தமிழாகிவிட்டது. அதன் தாயாதிகள் நர்சரிகளுக்கு வந்துசேர்ந்தது மிகப் பிற்பாடுதான்.

எங்கள் வீட்டில் விலைகொடுத்து வாங்கிய செடி என்று அநேகமாக எதுவும் இருந்ததில்லை. அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் முந்தானை முடிச்சில் ஒரு துண்டுத் தண்டோடு திரும்புவார். அதே போல, எங்கள் வீட்டுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு போனதில்லை. மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று நம்பி ஏமாந்த வயதில், ரணகள்ளியின் இலை ஒன்றை அம்மா எங்கள் நோட்டுக்குள் வைத்தார். சில நாட்களில் இலையின் விளிம்பிலிருந்த ஒவ்வொரு வெட்டிலிருந்தும் வேரோடும் இலையோடும் குட்டிச் செடிகள் முளைத்தன. ஜெர்மன் கவி கதே இந்தச் செடியின்மீது பித்தாக இருந்தவர். முளைவிடும் இலைகளை நண்பர்களுக்கு அன்பளிப்பாகத் தந்தவர். அம்மாவுக்குக் கதேயைத் தெரியாது. ஆனால் இலையைக் கொடுக்கத் தெரிந்திருந்தது.

கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நறுக்கிய தண்டை உடனே நடக்கூடாது. நிழலில் நான்கைந்து நாள் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்து தோல்கட்டிய பிறகே நடவேண்டும். ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். கள்ளி வகைகளை வெட்டும்போது வழியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரண்டைக்கு இரண்டு கணு போதும். கற்றாழையின் அடியில் வெடிக்கும் கன்றுகளை வேரோடு பிரித்து வைக்கலாம். அன்னாசிப் பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடியிலைகள் சிலவற்றை உரித்து, உலரவைத்து நட்டால் வேர்பிடிக்கும். பழத்துக்கு மட்டும் இரண்டு ஆண்டுப் பொறுமையாவது வேண்டும். மண்ணில் பாதி மணலாக இருக்கட்டும். தொட்டியின் அடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினால் நீர் தேங்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடுவது வீண். மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்குள், தையிலும் மாசியிலும், நட்டுவிட வேண்டும்.

ரணகள்ளிக்கு இன்னொரு விந்தையும் உண்டு. அதன் இலை காலையில் புளிக்கும், நண்பகலில் சுவையற்றுப்போகும், மாலையில் சற்றே கசக்கும். இதைக் கவனித்து எழுதிவைத்தவர் பெஞ்சமின் ஹெய்ன். எங்களுக்கு அருகிலுள்ள தரங்கம்பாடிக்கு மொரேவியச் சபையின் ஊழியராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சாமல்கோட்டையிலும் பெங்களூரிலும் பணியாற்றியவர் அவர். 1813இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் லாம்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சுவைமாற்றத்தை விவரித்தார். அதன் காரணம் பின்னாளில்தான் முழுமையாக விளங்கியது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிவிடும். ஆகவே இச்செடிகள் இரவில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை உள்ளிழுத்து, அதை அமிலமாக மாற்றிச் சேமிக்கின்றன. பகலில் கதவை அடைத்துக்கொண்டு, வெயிலின் துணையோடு அந்தச் சேமிப்பை உணவாக்குகின்றன. காலைப் புளிப்பு என்பது இரவின் சம்பாத்தியம். அன்னாசியும் ப்ரொமீலியட்டுகள் பலவும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. கத்திரி வெயிலில் ஊரே வாடிக்கிடக்கும்போது இவை தாக்குப்பிடிப்பதன் ரகசியம் இதுவே.

பெங்களூரிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த நியோரெஜிலியா என்ற ப்ரொமீலியட்டை அம்மா 'சிவப்பு அன்னாசி' என்று அழைத்தார். பூக்கும் காலம் நெருங்கினால் நடு இலைகள் குங்குமம் கொட்டியதுபோலச் சிவக்கும். இலைகள் கூடி அமைக்கும் கிண்ணத்தில் நீர் நிற்கும். அந்த நீருக்குள்ளேயே சிறு பூக்கள் மலரும். கிண்ணத்து நீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் டெங்குக் கொசு அங்கே குடித்தனம் தொடங்கிவிடும். இந்தச் செடியின் வாழ்க்கை வாழையின் வாழ்க்கைதான். ஒருமுறை பூத்ததும் தாய்ச்செடி மெல்லமெல்ல வாடத் தொடங்கும், பக்கத்தில் கன்றுகள் எழும். அழகு போய்விட்டதென்று தாயை அவசரப்பட்டு வெட்டி எறிபவர்கள் உண்டு. வாடிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களிலும் அது கன்றுகளுக்கு ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறது. கன்று தாயின் உயரத்தில் பாதியை எட்டும்வரை காத்திருந்து பிரிப்பதே நல்லது. அம்மா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் இதை எங்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார். அவர் செடியைப் பற்றித்தான் பேசினார். நாங்களும் செடியைப் பற்றியே பதில் சொன்னோம்.

அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011 டிசம்பர் 30 அதிகாலையில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தலைமுறைகள் காத்த மரங்களை ஒரே காலையில் இழந்தவர்களின் துயரத்தின் முன்னால் எங்கள் இழப்பு மிகச் சிறியது. கொல்லையிலிருந்த முருங்கை முறிந்து ஓட்டுச் சார்ப்பின்மேல் விழ, சார்ப்பு தொட்டிகளின்மேல் சரிந்தது. நசுங்கியவை போக எஞ்சியவை தேங்கிய நீரில் கிடந்து கூழாயின. வறட்சிக்கென்றே பிறந்த செடிகளை நீர் கொன்றுவிட்டது. அம்மா கையால் வைத்தது என்று சொல்ல அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் அடுத்த தெரு அக்கா ஒருவர் முறத்தில் இரண்டு சிவப்பு அன்னாசிக் கன்றுகளோடு வந்தார். "உங்கம்மா குடுத்ததுதான் தம்பி. எங்க வூட்டுல நெறைய இருக்கு, வெச்சுக்குங்க" என்றார். அதற்குப் பிறகு கேட்டும் கேட்காமலும் ஒவ்வொன்றாக வந்தன. கொல்லை மதிலோரத்திலிருந்து பிரண்டை, வாசல் நிலையிலிருந்து அவிழ்த்த கற்றாழை, பிள்ளைகளின் நோட்டிலிருந்து ரணகள்ளி இலை. காட்டுமன்னார்கோயிலில் வாழ்க்கைப்பட்ட பெண் ஒருத்தி திருகுகள்ளிக் கொம்பு ஒன்றைப் பேருந்தில் கொடுத்தனுப்பினாள்.

விதையிலிருந்து வருவது அடுத்த தலைமுறை. கிள்ளி நட்டுக் கிளம்புவது அதே செடி. அதன் உடலின் தொடர்ச்சி. இது வெறும் உருவகமன்று, தாவரவியல் உண்மை. எனவே இன்று எங்கள் கொல்லையில் சிவந்து நிற்பது அம்மா நீர் ஊற்றிய அதே செடிதான் என்று சொல்வதில் மிகை ஏதுமில்லை. அது பிழைத்ததற்குக் காரணம் எங்கள் பராமரிப்பு அன்று. பூட்டி வைத்துக் காத்திருந்தால் அந்தப் புயலோடு போயிருக்கும். கொடுத்ததால் தங்கியது.

இந்த வட்டாரத்துக்கு மாசி மகத்தின்போதோ வேறு காரியமாகவோ வருகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருகிறோம், மறுக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வேர்பிடித்ததும் உங்கள் அண்டை வீட்டாருக்கு ஒன்று கொடுங்கள். இங்கே புயல்கள் ஓயப்போவதில்லை. என்றேனும் ஒருநாள் உங்கள் கதவைத் தட்டித் திரும்பக் கேட்கவும் கேட்போம்.