இரண்டு கையெழுத்து

ஒரு காருக்கு எத்தனை பெட்ரோல் பம்ப் வேண்டும்? 'போகிற வழியில் ஒன்று இருந்தால் போதும்' என்பீர்கள். நான் கேட்பது பங்க் இல்லை சார். உங்கள் கார் டாங்குக்குள் டார்ச் லைட் மாதிரி ஒரு சின்ன மோட்டார் மூழ்கிக் கிடக்கிறது. பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளுவது அதுதான். நமக்கெல்லாம் அது ஒன்றே ஆயுசுக்கும் போதும்.

என் அக்கா மகனுக்குப் போதவில்லை.

அவன் இருப்பது திருவாலங்காட்டில். சிவனும் காளியும் ஆட்டப் போட்டி போட்டதாகத் தல புராணம் சொல்லும் ஊர். மண்வாசனையோ என்னவோ, இவனுக்கும் சின்ன வயசிலிருந்தே யாரையாவது முந்த வேண்டும். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை வாங்கினான். 1.8 லிட்டர் டர்போ இன்ஜின். அதிலிருந்த டர்போவைக் கழற்றிவிட்டு இன்னும் பெரிசாக ஒன்றை மாட்டினான். அங்கே ஆரம்பித்தது இரண்டாவது பம்ப் பிரச்னை.

விஷயம் இதுதான். ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். டர்போ என்பது காற்றை அமுக்கித் திணிக்கும் விசிறி. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாக வேண்டும். போதாக்குறைக்கு, டர்போ அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும். சாதாரணமாக 3 பார் என்றால், டர்போ 1 பார் தள்ளும்போது 4 பார். மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் மாதிரிதான். உயரம் கூடக்கூட வரத்து குறையும். அதாவது, அதிகமாகக் கேட்கும் நேரத்தில்தான் பம்ப் குறைவாகக் கொடுக்கும். பெட்ரோல் பற்றாமல் போனால் உள்ளே சூடு தாறுமாறாக ஏறி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இன்ஜின் காலி.

அதனால் இரண்டாவது பம்ப். பம்ப் வந்துவிட்டது. வயரிங்?

திருத்தணி ரோட்டில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். லாரிகளுக்கும், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்களுக்கும் வயரிங் பார்த்துப் பழகிய கை. நானும் கூடப் போயிருந்தேன். மாப்பிள்ளை திட்டத்தைச் சொன்னான்.

"பேட்டரியிலேர்ந்து ஒரு வயர், டாஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச், அங்கேர்ந்து பம்ப். அவ்ளோதாண்ணே. வேகமாப் போறப்ப நான் போட்டுக்குவேன்."

"அப்படிப் போட மாட்டேன் தம்பி."

"ஏன்?"

"வண்டி கவுந்து நீ மயக்கமாக் கெடக்கறப்ப, ஸ்விட்சை யாரு ஆஃப் பண்றது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். நான் பம்ப்பைப் பார்த்தேன்.

பெரியவர் கேட்டதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. கார் ரேஸ் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிசில்லை. இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் உண்டு. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல வருஷம் ரேஸ் நடத்தியது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்துவிட்டது. அந்தக் காலத்து கார்பரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பம்ப்பை ஓட்டியது இன்ஜினேதான். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றது.

கரன்ட்டில் ஓடும் பம்ப்புக்கு அந்த விசுவாசம் கிடையாது. இன்ஜின் செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். பைப் அறுந்திருந்தால் சூடான இன்ஜின் மேலேயே பெட்ரோலைப் பீய்ச்சும். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் முதல் பம்ப்பைக் கம்ப்யூட்டரின் காவலில் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் ஓரிரு விநாடி ஓடும். இன்ஜின் சுற்றவில்லை என்று தெரிந்தால் நின்றுவிடும். மாப்பிள்ளையின் டாஷ்போர்டு ஸ்விட்ச் இந்தக் காவலையே தாண்டிக் குதிக்கிற வேலை.

பெரியவர் ஒரு அட்டையில் படம் போட்டார். ரிலே என்று ஒரு சின்ன டப்பா. பம்ப்புக்குப் பத்து ஆம்பியருக்கு மேல்கூடத் தேவைப்படும். அந்தப் பெரிய கரன்ட் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் வரும். பேட்டரியை ஒட்டியே பியூஸ். "பியூசு பம்ப்பைக் காப்பாத்த இல்ல சார், வயரைக் காப்பாத்த. வயரு பாடில உரசினா அங்கியே பட்டுனு போயிடணும்" என்றார். ரிலேயை இயக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும். அந்தச் சின்ன கரன்ட்டின் ஒரு முனை, முதல் பம்ப்புக்குப் போகும் வயரிலிருந்து. இன்னொரு முனை, டர்போ அழுத்தம் ஏறினால் மட்டும் மூடிக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு.

நான் பி.காம். படித்தவன். இந்த இடத்தில் எனக்கு சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது ஜாயின்ட் அக்கவுன்ட் சார்! பெரிய தொகை பேங்க்கில் இருக்கிறது. செக்கில் இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் வெளியே வரும். 'இன்ஜின் ஓடுகிறது' என்று கம்ப்யூட்டர் போடும் கையெழுத்து ஒன்று. 'தேவை இருக்கிறது' என்று டர்போ போடும் கையெழுத்து ஒன்று. ஒன்று குறைந்தாலும் செக் திரும்பிவிடும். ஓட்டுகிறவனுக்குக் கையெழுத்து போடும் அதிகாரமே இல்லை.

"இருந்தாலும் ரெண்டு பம்ப் இருக்கறது சேஃப்டிதானே மாமா? ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றான் மாப்பிள்ளை.

இல்லை. ஒன்றே போதும் என்கிற இடத்தில் இரண்டாவதை வைத்தால் அது ஸ்பேர். இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால், கெட்டுப்போக இரண்டு வழி. முழு வேகத்தில் இரண்டாவது பம்ப் சத்தமில்லாமல் நின்றால், தெரிவதற்குள் பிஸ்டன் போயிருக்கும். அதனால் பெட்ரோல் அழுத்தம் காட்ட ஒரு மீட்டர். சும்மா இருக்கும் பம்ப் வழியாகப் பெட்ரோல் டாங்குக்கே திரும்பிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் ஒருவழி வால்வு.

எல்லாம் மாட்டி முடித்ததும் பெரியவர் பரீட்சை வைத்தார். கேள்வித்தாள், ஒரு சைக்கிள் பம்ப். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். அழுத்த ஸ்விட்சில் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார். முதல் பம்ப் ஓரிரு விநாடி உறுமி அடங்கியது. அதற்குப் பிறகு எவ்வளவு காற்றடித்தும் சத்தமில்லை. பாஸ். இன்ஜின் ஓடும்போது காற்றில்லாமல். இரண்டாவது பம்ப் சும்மா இருந்தது. பாஸ். இன்ஜினும் ஓட, காற்றும் அடிக்க, 'ங்ங்ங்' என்று பாடியது. அப்புறம்தான் காசு வாங்கினார்.

போகும்போது நான் சட்டத்தைச் சொன்னேன். கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கடிவாளம் போட்டிருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். திருப்பதி ரோடு ரேஸ் டிராக் இல்லை. அங்கே பாத யாத்திரைக்காரர்கள் நடக்கிறார்கள். இந்த வண்டி இனி லாரியில் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கு மட்டும்தான் போகும் என்று அக்கா முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் வண்டியில் எதையாவது மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு செலவு என்றெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் பெரியவர் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: "நீ மயங்கிட்டா, இதை யாருடா ஆஃப் பண்றது?"