எயார்பிரஷ் வாங்கப் போகும் தம்பிமாருக்கு

நான் செய்த மொடல் விமானங்களின் படத்தைப் போடும் ஒவ்வொரு முறையும் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான் வருகிறது. "சேர், எந்த எயார்பிரஷ் நல்லம்?" ஆளுக்காள் பதில் எழுதுவதை விட எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். காசு செலவழியும் விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையைத் தாக்கின. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலே அப்போது ஓடுபாதையாக இருந்தது, அங்கிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. 1:72 அளவில் செய்த ஒரு ஹரிக்கேனைக் கையில் கொடுத்தால் வகுப்பே அடங்கிவிடும். அதன் நீளம் 13 சென்ரிமீற்றரை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அந்தச் சின்ன இறக்கையில் அரை மில்லிமீற்றர் தடிப்பில் தூரிகைக் கோடு விழுந்தால், அசல் விமானத்தில் அது மூன்றரை சென்ரிமீற்றர் மேடு. எயார்பிரஷ் தேவைப்படுவது இதற்காகத்தான்.

வாங்கப் போகும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் பிரஷில்தான் விழும். ஆனால் கையில் உள்ள காசில் பெரும்பங்கு போக வேண்டியது கொம்ப்ரஸருக்கு. காற்று சீராக வராவிட்டால் எவ்வளவு விலையான பிரஷும் துப்பத்தான் செய்யும்.

கொம்ப்ரஸரில் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, காற்றுத் தாங்கி. 3 லீற்றர் போதும். தாங்கி இல்லாத சின்ன இயந்திரங்களில் காற்று துடித்துத் துடித்து வரும். இரண்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகியுலேட்டரும் மீற்றரும். நமக்குத் தேவை 15 முதல் 20 பீ.எஸ்.ஐ. மட்டுமே. மோட்டார் சைக்கிள் டயருக்கு அடிப்பதை விடக் குறைவு. மூன்று, நீர்ப்பொறி. நம் கரையோர ஊர்களில் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. அமுக்கிய காற்று குளிரும்போது அது துளியாகி, பெயின்டோடு சேர்ந்து இறக்கையில் விழும். வேலை முடிந்ததும் தாங்கியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள்.

காருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் இதற்குச் சரிவராது. காக்காமார் யாராவது கராஜ் வைத்திருந்தால் அங்குள்ள பெரிய கொம்ப்ரஸரைப் பாவிக்கலாம். ரெகியுலேட்டரும், தண்ணீரையும் ஒயிலையும் பிடிக்கும் வடிகட்டியும் பூட்ட வேண்டும்.

பிரஷ்ஷைப் பொறுத்தவரை, டபுள் எக்ஷன், மேலே கிண்ணம் உள்ளது, 0.3 மில்லிமீற்றர் நொசில். விசையை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இரண்டும் உங்கள் ஒரு விரலில். கிண்ணம் மேலே இருப்பதால் சில துளிகளே போதும், கழுவுவதும் இலகு. 0.2 நொசில் நுணுக்க வேலைக்கு நல்லது. ஆனால் நம் வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் சீக்கிரம் காய்ந்து ஊசி முனையை அடைத்துக்கொள்ளும். பழகுகிறவருக்கு அது வேண்டாம்.

ஜப்பானின் இவாட்டா, ஜேர்மனியின் ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் எல்லாம் நீண்ட காலம் உழைக்கும். கைக்கு எட்டாவிட்டால் விலை குறைந்ததை வாங்குங்கள், குற்றமில்லை. ஊசியும் நொசிலும் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். ஊசி ஒருமுறை கீழே விழுந்தாலே முனை வளைந்துவிடும்.

இனி முக்கியமான விடயம். என்னிடம் படித்த ஒரு தம்பி புடவைக் கடையில் வேலை செய்து காசு சேர்த்திருக்கிறான். சின்ன வீடு. உம்மாவுக்கு இழுப்பு. முகக்கவசத்துக்கும், புகாரை ஜன்னலால் வெளியே தள்ளும் மின்விசிறிப் பெட்டிக்கும் முதலில் காசை ஒதுக்கு என்றேன்.

"அப்ப பிரஷ்ஷுக்குக் காணாதே சேர்" என்றான்.

"காணாதுதான். இன்னும் ரெண்டு மூணு மாசம் பொறு" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் என்றாலும், காற்றில் மிதக்கும் அந்த நுண்துளிகள் நெஞ்சுக்குள் போகக்கூடாதவை. லெக்கர் பெயின்ட் என்றால் ஆவியும் சேரும், தீயும் பிடிக்கும். துணி மாஸ்க் அந்த ஆவியை மறிக்காது. அதற்கென்று வடிகட்டி பூட்டிய கவசம் வேண்டும். வீட்டில் இழுப்புள்ளவர், கைக்குழந்தை இருந்தால் லெக்கர் பக்கமே போக வேண்டாம். கேஸ் அடுப்புள்ள இடத்தில் எதையும் அடிக்க வேண்டாம்.

கேக் செய்யும் சகோதரிகளும் எயார்பிரஷ் பாவிக்கிறார்கள். வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று அதில் மொடல் பெயின்டை ஊற்றிவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு உள்ளது சாப்பாட்டுக்கு மட்டுமே.

வாங்கிய முதல் வாரம் மொடலைத் தொட வேண்டாம். பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய பத்திரிகையில் புள்ளி, கோடு, வட்டம் என்று பழகுங்கள். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். அடிக்கும் நேரத்தை விடக் கழுவும் நேரம் கூடத்தான் போகும்.

காசு சேரும் வரை தூரிகையே போதும். மெல்லிதாகக் கரைத்து, ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் ஒரு ஹரிக்கேனுக்குக் கரும்பச்சை பூசிக்கொண்டிருக்கிறான். கோடு தெரிகிறதுதான். ஆனால் உம்மா அவன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.