பதினாறு வருடக் கணக்கு

டில்பர்க் நகரத்தின் பனித்தளத்துக்கு ஒரு பெண்ணின் பெயர். இறந்துபோன அரசி இல்லை, நன்கொடை கொடுத்தவரின் மனைவி இல்லை. பக்கத்து ஊரான கோர்லேயில் வளர்ந்து, இந்தப் பக்கத்துப் பனியில் ஓடிப் பழகிய ஒரு விளையாட்டு வீராங்கனை. ஐரீன் வூஸ்ட். ஊர் மைதானங்களிலும் பேருந்து நிலையங்களிலும் ஆண் தலைவர்களின் பெயரையே படித்து வளர்ந்த எனக்கு, 2012-இல் கணவரின் வேலைக்காக நெதர்லாந்து வந்து சேர்ந்த புதிதில், அந்தப் பெயர்ப்பலகை பிடித்துப்போனது. அவர் யார் என்று தேடிப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. அவரும் நானும் ஒரே வருடம், 1986-இல் பிறந்தவர்கள்.

அவருடைய விளையாட்டு லாங் டிராக் ஸ்பீட் ஸ்கேட்டிங். 400 மீட்டர் சுற்றளவுள்ள பனித்தளத்தில் இரண்டு பேர் இரண்டு தடங்களில் ஓடுவார்கள். உள்தடம் சிறியது, வெளித்தடம் பெரியது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் தடம் மாறிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓடுபவரை முந்தினால் மட்டும் போதாது. அன்று ஓடிய எல்லோருடைய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் பதக்கம். உண்மையான எதிரி கடிகாரம்தான்.

வூஸ்ட் 2006 முதல் 2022 வரை ஐந்து குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 6 தங்கம், 5 வெள்ளி, 2 வெண்கலம். தனிநபர் போட்டியில் ஐந்து வெவ்வேறு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் மனிதர் அவர்தான். கோடைக்கால ஒலிம்பிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன். வெவ்வேறு தூரங்களை ஓடி மொத்தப் புள்ளிகளில் வெல்லும் உலக ஆல்ரவுண்ட் பட்டத்தை ஏழு முறை வாங்கினார்.

2006-இல் டூரின் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் தங்கத்தை வென்றபோது அவருக்கு 19 வயது. அதே வருடம் எனக்கும் 19. ஈரோட்டில் பி.காம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் ஜாதகத்தைப் பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களிடம் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2010-இல் வான்கூவரில் அவருக்கு 1500 மீட்டரில் தங்கம். எனக்குக் கல்யாணம் ஆகி நான்கு மாதம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை அப்போதுதான் விட்டிருந்தேன். 2014-இல் சோச்சியில் அவருக்கு ஐந்து பதக்கங்கள். என் கையில் எட்டு மாதக் குழந்தை. 2018-இல் தென்கொரியாவில் மறுபடியும் 1500 மீட்டர் தங்கம். நான் மகளைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்து, விட்டு, கூட்டி வந்துகொண்டிருந்தேன்.

இந்த ஒப்பீட்டை என் சோம்பலுக்குச் சாட்சியாகவோ அவருடைய மேதைமைக்குச் சாட்சியாகவோ நான் எழுதவில்லை. ஒரு பெண்ணுடைய 19 முதல் 35 வரையான வயது யார் கையில் இருக்கிறது என்று கேட்பதற்காக எழுதுகிறேன். நம் வீடுகளில் அந்தப் பதினாறு வருடங்கள் நமக்கு வருவதற்கு முன்பே பங்கு பிரிக்கப்பட்டுவிடுகின்றன. கல்யாணத்துக்கு இத்தனை, பிள்ளைக்கு இத்தனை, மாமியாரின் முழங்கால் வலிக்கு இத்தனை. மிச்சம் இருந்தால் நமக்கு.

நெதர்லாந்துப் பெண்களுக்கு அந்த வருடங்கள் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டன என்று நினைத்துவிட வேண்டாம். 1956 வரை, மணமான டச்சுப் பெண் சட்டத்தின் கண்ணில் தானாக எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ளத் தகுதியற்றவர். வங்கிக் கணக்கு திறக்கக்கூடக் கணவரின் ஒப்புதல் வேண்டும். அரசு வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஸ்பீட் ஸ்கேட்டிங் 1924-இலேயே தொடங்கியது. பெண்களுக்குப் பதக்கத்தோடு தொடங்கியது 1960-இல். பெண்கள் 5000 மீட்டர் ஓடலாம் என்று ஒத்துக்கொள்ள 1988 வரை ஆனது. ஆண்களுக்கு 10,000 மீட்டர் உண்டு. பெண்களுக்கு இன்றுவரை இல்லை. பெண்ணுடலால் எவ்வளவு தூரம் முடியும் என்பதை இங்கேயும் வேறு யாரோதான் அளந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் தெருவில் எண்பது வயது தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். வூஸ்ட் பற்றிக் கேட்டால், தன் காலத்து ஆட்யே கூலன்-டெல்ஸ்ட்ராவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஃப்ரீஸ்லாந்து மாநிலத்துக்காரர், மாட்டுப்பண்ணைக் குடும்பம், மூன்று பிள்ளைகளின் தாய். 1970-இல் முதல்முறை உலக ஆல்ரவுண்ட் பட்டம் வென்றபோது அவருக்கு 31 வயது. பிறகு 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று முறை. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம். "நாங்கள் எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அவள் எங்களில் ஒருத்தி" என்பார் பாட்டி. எனக்கு அந்தக் கதையில் ஒரு கேள்வி உண்டு. இருபது வயதிலேயே அவருக்கு நேரமும் பயிற்சியும் கிடைத்திருந்தால்? பெண்ணின் சாதனை தாமதமாக வந்தால் அதை அதிசயம் என்று கொண்டாடுகிறோம். ஏன் தாமதமானது என்று கேட்பதில்லை.

இந்த விளையாட்டின் கருவியிலும் ஒரு பெண் வரலாறு இருக்கிறது. கிளாப் ஸ்கேட் என்ற காலணியில் கத்தி முன்பாதத்தில் கீல் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். கால் தூக்கும்போது குதிகால் மேலே எழும், கத்தி இன்னும் கொஞ்ச நேரம் பனியிலேயே நிற்கும். அதனால் உந்துதல் கூடும். கத்தி திரும்பி வந்து மோதும்போது 'கிளாப்' என்று சத்தம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வில் உருவானது இது. பெரிய ஆண் வீரர்கள் வருடக்கணக்கில் அதைத் தொடவில்லை. 1996-97 பருவத்தில் துணிந்து போட்டுக்கொண்டு ஓடியவர்கள் டச்சுப் பெண்கள். டோனி டி யோங் அந்தக் காலணியோடு 1997-இல் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார். அடுத்த வருடம் நகானோ ஒலிம்பிக்கில் எல்லோர் காலிலும் அதுதான். வூஸ்ட் ஓடியதும் அந்தக் காலணியில்தான். அவருடைய வேகத்துக்கு அடியில் முந்தைய தலைமுறைப் பெண்களின் துணிச்சல் இருக்கிறது.

வூஸ்டின் காலத்தில் தடைகள் வேறு உருவத்தில் வந்தன. அவர் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பது தெரிந்ததும் பத்திரிகையாளர்கள் அதைப் பற்றியே கேட்டார்கள். அவருடைய பதில் எனக்கு மிகவும் பிடித்த பதில்களில் ஒன்று. ஸ்வென் கிராமரிடம் அவருடைய உறவு எப்படிப் போகிறது என்று கேட்பதில்லையே, என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள், நான் ஸ்கேட்டிங் பற்றிப் பேச விரும்புகிறேன் என்கிற பொருளில் சொன்னார். கிராமர் அதே காலத்து டச்சு நட்சத்திரம், ஆண். நம் ஊரில் வேலைக்குப் போகும் பெண்ணிடம் 'பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?' என்று கேட்பார்களே, அதே கேள்வியின் இன்னொரு வடிவம் இது. பெண் என்ன செய்கிறாள் என்பதைவிட யாரோடு வாழ்கிறாள் என்பதே உலகத்துக்கு முக்கியம்.

நெதர்லாந்துதான் உலகிலேயே முதலில் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாடு. அது நடைமுறைக்கு வந்த நாள் 2001 ஏப்ரல் 1. அன்று வூஸ்டுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள். ஆனாலும் சட்டம் வந்த நாட்டிலேயே அந்தக் கேள்விகள் நிற்கவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கோ, அதற்கு முந்தைய வருடம்தான் 'மரபுக்கு மாறான உறவு' பற்றிச் சிறுவர்களிடம் பேசத் தடைச் சட்டம் போட்டிருந்த ரஷ்யாவில் நடந்தது. வூஸ்ட் ஒளிக்காமல் போனார். 3000 மீட்டரில் தங்கம், குழுப் போட்டியில் தங்கம், 1000, 1500, 5000 மீட்டர்களில் வெள்ளி. அந்த ஒலிம்பிக்கில் மிக அதிகப் பதக்கம் வாங்கியவர் அவர்தான். டச்சு அணியின் விருந்தகத்துக்கு வந்த அதிபர் புதின் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அந்தக் கட்டிப்பிடிப்பை விமர்சித்தவர்களும் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், ஒரு நாட்டின் சட்டத்துக்கு ஒரு விளையாட்டுப் பெண் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அவள்மீது ஏற்றப்படும் இன்னொரு சுமைதான்.

பதினாறு வருடமும் ஏறுமுகம் இல்லை. டூரினில் தங்கம் தந்த 3000 மீட்டர், வான்கூவரில் அவருக்குப் பதக்கமே தரவில்லை. 2019 ஜனவரியில் அவருடைய நெருங்கிய தோழியும் முன்னாள் உலகச் சாம்பியனுமான பவுலீன் வான் டியூட்டகொம் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வயது 37. அடுத்த மாதம் ஜெர்மனியில் நடந்த உலகப் போட்டியில் வூஸ்ட் 1500 மீட்டர் தங்கம் வென்றார். இந்த இரண்டையும் இணைத்து 'துக்கத்தை வென்ற வீராங்கனை' என்று எழுதுவது சுலபம். எனக்கு அப்படி எழுத வரவில்லை. இழந்த தோழியை நெஞ்சில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போகும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

1500 மீட்டர் என்பது மூன்றேமுக்கால் சுற்று. குறுந்தூர வீரர்களுக்கு நீளம், நெடுந்தூர வீரர்களுக்குக் குட்டை. கடைசிச் சுற்றில் எல்லோருக்கும் வேகம் குறையும். யாருக்குக் குறைவாகக் குறைகிறதோ அவர் வெல்வார். 2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு பெய்ஜிங்கில் நடந்த அந்தப் போட்டியைப் பார்த்தேன். வூஸ்டுக்கு 35 வயது. உலகச் சாதனையைக் கையில் வைத்திருந்த ஜப்பானின் மிஹோ தகாகி அவருக்கு எதிராளி. வூஸ்ட் 1 நிமிடம் 53.28 நொடியில் முடித்தார். ஒலிம்பிக் சாதனை. தகாகி 0.44 நொடி பின்னால்.

மறுநாள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு மாமா அந்தப் படத்தைப் போட்டு, 'வயது வெறும் எண்தான், மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்று எழுதியிருந்தார். பலரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டார்கள். அதற்கு ஐந்து மாதம் முன்னால்தான் நான் இங்கே ஒரு மாலை வகுப்பில், டச்சு மொழியில் கணக்கியல் படிக்கச் சேர்ந்திருந்தேன். அதைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்டது இது: "முப்பத்தஞ்சு வயசுல படிச்சு என்ன கண்ணு பண்ணப் போறே? புள்ளைய நல்லாப் படிக்க வெய்யி, போதும்." அந்தக் குழுவில் இருந்த ஒருவரும் அன்று வயது வெறும் எண் என்று சொல்லவில்லை.

வயது வெறும் எண் இல்லை. வூஸ்டுக்கும் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் அவருக்குச் சம்பளம் கொடுத்த அணிகள் இருந்தன, கெரார்ட் கெம்கெர்ஸ் போன்ற பயிற்சியாளர்கள் இருந்தார்கள், வருடம் முழுக்கத் திறந்திருக்கும் பனித்தளங்கள் இருந்தன, தோற்ற வருடத்திலும் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. அவருடைய உழைப்பை இது குறைத்துவிடாது. அந்த உழைப்புக்கு மண் கிடைத்தது என்கிறேன். அதே அளவு உழைப்பு நம் அடுப்படிகளில் தினமும் கரைகிறது. அதற்கு நேரம் குறிக்கும் கடிகாரமும் இல்லை, பதக்க மேடையும் இல்லை. மன உறுதியை மட்டும் பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு மண்ணைப் பற்றிப் பேசாமல் விட்டால், கிடைக்காதவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள்.

அதனால் நான் என் வீட்டில் மண்ணைப் பற்றிப் பேசினேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் சமையலும் மகளின் வீட்டுப்பாடமும் என் கணவர் பொறுப்பு. முதல் மாதம் அவர் ஒவ்வொரு பாத்திரம் எங்கே என்று வகுப்புக்குச் செய்தி அனுப்பிக் கேட்டார். நான் பதில் அனுப்பவில்லை. இரண்டாம் மாதம் கண்டுபிடித்துவிட்டார். படிப்பு முடிந்து இப்போது ஒரு சிறிய அலுவலகத்தில் வாரம் மூன்று நாள் சம்பளப் பட்டியல் போடுகிறேன். பெரிய வேலை இல்லை. என் பெயரில் கணக்கு, என் பெயரில் வருமானம்.

அன்று குடும்பக் குழுவில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: 'இந்தப் பெண் பயிற்சிக்குப் போன பதினாறு வருடமும் வீட்டு வேலையை யார் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?' யாரும் பதில் போடவில்லை. மாமா அடுத்த நாள் ஒரு கோயில் படம் போட்டார். இரவு பதினொரு மணிக்கு, ஊரில் நள்ளிரவு தாண்டி மூன்றரை, பெருந்துறையில் இருக்கும் சித்தி மகள் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், 31 வயது.

"அக்கா, நீங்க படிக்கற மாதிரி இங்க ஏதாச்சும் இருக்குமா?"